மருந்து மலையேற வேண்டும்

கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்று வந்தவர்களில் குணா குகையை எட்டிப் பார்க்காமல் திரும்பியவர்கள் குறைவு. பிசாசின் அடுப்படி என்ற பொருளில் ஆங்கிலேயர் பெயரிட்டிருந்த அந்தப் பாறைப் பிளவுகள், 1991-இல் வெளியான 'குணா' திரைப்படத்துக்குப் பிறகு படத்தின் பெயராலேயே வழங்கலாயின. 2024-இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் அந்தப் பெயரைப் புதிய தலைமுறையிடமும் கொண்டு சேர்த்தது. ஆனால் குணா யார் என்பதை அங்கே நின்று கூவுகிறவர்களில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அவன் மனம் பிறழ்ந்த ஒருவன். ஆக, ஒரு மனநோயரின் பெயரைத் தாங்கிய சுற்றுலாத் தலம் நம்மிடம் இருக்கிறது. அதே மலையில், திரையில் அல்லாமல் ஓட்டு வீடுகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் வாழ்கிற குணாக்களுக்கு மருத்துவம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது? இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

கொடைக்கானல் என்ற ஊரே உடல்நலத்தைத் தேடிப் போனவர்களால் உருவானது. மதுரைச் சமவெளியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம் குடும்பத்தாரைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இம்மலையில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863-இல் ஏரி அமைக்கப்பட்டது. அன்று தொடங்கி இன்றுவரை 'காற்று மாற்ற', 'மனதுக்கு ஆறுதலாக', 'நாலு நாள் நிம்மதியாக' என்று சமவெளிக்காரர்கள் மலையேறுகிறோம். நம்முடைய மனங்களுக்கு மருந்தாக இந்த மலையை நாம் பயன்படுத்திக்கொண்டே வந்திருக்கிறோம். மலையில் பிறந்து மலையிலேயே உழைத்து வாழ்பவரின் மனம் நோய்ப்பட்டால் அவர் எதிர்த்திசையில் இறங்க வேண்டியிருக்கிறது. நாம் நிம்மதி தேடி ஏறும் அதே கொண்டையூசி வளைவுகளில், சிகிச்சை தேடி அவர்கள் கீழே இறங்குகிறார்கள்.

கொடைக்கானல் என்றவுடன் நம் கண்முன் வருவது ஏரியும் கோக்கர்ஸ் வாக்கும் கொண்ட நகரம்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்த நகராட்சியில் வாழ்ந்தவர்கள் 36,501 பேர். பழனி மலைத்தொடர் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகிற ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர், ஆடலூர் என்று காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற ஊர்கள். வாகனச் சாலை இல்லாமலேயே பல தலைமுறைகளைக் கழித்த வெள்ளகெவியும் இந்த மலையில்தான் இருக்கிறது. இவற்றுக்கிடையே காட்டை ஒட்டிச் சிறு சிறு குடியிருப்புகளில் பளியர்கள் வாழ்கிறார்கள். வருவாய்த்துறை ஆவணத்தில் இவை திண்டுக்கல் மாவட்டத்தின் பகுதிகள். ஆனால் மாவட்டத் தலைநகருக்குப் போய் வருவதென்பது இவர்களில் பலருக்கு ஒரு முழு நாள், சிலருக்கு இரண்டு நாள்.

நோயின் அளவு என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஆய்வு நடந்த காலத்தில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுடன் இருந்தார்கள் என்பது அதன் முடிவு. அதைவிட நம்மைத் திடுக்கிடச் செய்வது இன்னொரு கணக்கு. சிகிச்சை தேவைப்பட்டும் அது கிடைக்காதவர்களின் அளவு, நோய்க்கு நோய் மாறுபட்டு, 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. நாடு முழுவதற்குமான நிலை இது. மனநல மருத்துவர்களோ இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக்கூட நாட்டில் இல்லை. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களில்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். எண்ணிக்கையில் அது நாட்டிலேயே இரண்டாம் இடம். பூச்சிமருந்து எளிதாகக் கைக்கெட்டும் வேளாண் ஊர்களில் ஒரு கணநேர மனமுறிவும் உயிரைக் குடித்துவிடுகிறது.

இந்தக் கணக்குகளைச் சொன்னவுடன் எழும் வழக்கமான பதில், 'இன்னும் நிறைய மனநல மருத்துவர்கள் வேண்டும்' என்பதுதான். வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பழனி மலையைப் பொறுத்தவரை அந்தப் பதில் பாதிதான் சரி. ஏனென்று விளக்க, மனநோய்க்கான சிகிச்சை எப்படிப்பட்டது என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும்.

குடல்வால் அழற்சி வந்தவர் ஒருமுறை மலையிறங்கி அறுவை செய்துகொண்டு திரும்பினால் போதும். மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ அப்படிப்பட்டதல்ல. மருந்து தொடங்கிய சில வாரங்களில் குரல்கள் அடங்கும், உறக்கம் திரும்பும், பயம் குறையும். குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடும். ஆனால் மருந்தைத் தொடர்ந்து மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில், எடுக்க வேண்டும். சிலருக்கு மாதமொரு முறையோ இரு வாரத்துக்கொரு முறையோ ஊசி போட வேண்டும். லித்தியம் உட்கொள்பவருக்கு அவ்வப்போது இரத்தப் பரிசோதனை வேண்டும். இடையில் மருந்து நின்றால் நோய் திரும்புகிறது. திரும்பி வரும் நோய் சில வேளைகளில் முன்னைவிட முரட்டுத்தனமாக வருகிறது. ஆகவே மனநல மருத்துவத்தில் முதல் சந்திப்பு ஒரு தொடக்கம் மட்டுமே. மருத்துவம் உண்மையில் நடப்பது ஆறாவது மாதத்திலும் பத்தாவது மாதத்திலும்தான்.

இப்போது கிளாவரையில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். இருபது வயது மகனுக்கு நோய். அவனைத் தனியே அனுப்ப முடியாது. தாயோ தந்தையோ உடன் போக வேண்டும். ஆக இருவரின் அன்றைய கூலி போயிற்று. காலைப் பேருந்தைப் பிடித்துக் கவுஞ்சி, மன்னவனூர், பூம்பாறை வழியாகக் கொடைக்கானல் வந்து சேர்வதற்கே பொழுது ஏறிவிடும். அன்று மனநல மருத்துவர் கொடைக்கானலுக்கு வரும் நாளாக இல்லையென்றால் மறுபடி பேருந்தேறி வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ தேனிக்கோ போக வேண்டும். இரவு தங்க இடமில்லை. கூட்டத்தையும் இரைச்சலையும் கண்டு மிரளும் மகனைப் பேருந்து நிலையத்தில் அமர்த்திக் காப்பதைவிடக் கடினமான காவல் வேறில்லை. இவ்வளவும் எதற்காக? போன மாதம் எழுதிக்கொடுத்த அதே மாத்திரைகளை இந்த மாதமும் வாங்கி வருவதற்காக. முதல் மாதம் போவார்கள். இரண்டாம் மாதமும் போவார்கள். பூண்டு அறுவடை நேரத்திலோ மழையில் மண் சரிந்து சாலை அடைபடும் நேரத்திலோ ஒரு மாதம் தவறும். பையன்தான் நன்றாக இருக்கிறானே என்ற ஆறுதலில் அடுத்த மாதமும் தவறும். அதன்பின் நடப்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

அந்தத் தாயை 'அறியாமை கொண்டவர்' என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. 'விழிப்புணர்வு இல்லை' என்பது படித்தவர்கள் கைவசம் வைத்திருக்கும் சொற்றொடர். அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. கொடுக்க இயலாதது பேருந்துக் கட்டணமும் இரண்டு நாள் கூலியும். இலவச மருத்துவம் என்று நாம் பெருமையோடு சொல்வது மருத்துவமனை வாசலிலிருந்துதான் இலவசமாகிறது. அந்த வாசல்வரை உள்ள மலைப்பாதை இலவசமன்று. நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே, சட்டமும் ஒன்றே. ஆனால் மதுரை நகரவாசி ஒரு மணி நேரத்தில் பெறும் மாத்திரைக்கு மேல்மலைக்காரர் ஒரு முழு நாளைக் கொடுக்கிறார். சமமற்ற மருத்துவம் என்பதன் பொருள் இதுதான்.

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இருக்கிறதா என்றால், இல்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநல சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அதன் 18-ஆம் பிரிவு அந்தச் சேவை கட்டுப்படியாகும் செலவில், தரமானதாக, போதிய அளவில், புவியியல் நோக்கில் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று விளக்குகிறது. இன்றியமையாத மனநல மருந்துகள் எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு ஆணையிடுகிறது. ஆனால் அதற்கு அது வைத்த கீழ்வரம்பைக் கவனியுங்கள். சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு அதற்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் கிடைக்க வேண்டும் என்பதுதான் அது. சமவெளியில் இந்த வரம்பு ஓரளவு பொருந்தலாம். மலையில், சமுதாய சுகாதார நிலையத்துக்கும் அதற்குக் கீழே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இடையேதான் அந்த முழு நாள் பயணம் கிடக்கிறது. சட்டம் வந்து நிற்கிற படிக்கு ஒரு படி கீழேதான் மலைக்கிராமம் தொடங்குகிறது. மாநில அரசு அந்த ஒரு படியை இறங்கி வர எந்தச் சட்டமும் தடையில்லை.

இத்தனைக்கும் மருத்துவத்தை நோயாளியின் ஊருக்கே கொண்டு செல்ல வேண்டும் என்ற சிந்தனை நம் நாட்டில் புதிதன்று. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் அந்த நோக்கத்தோடுதான் தொடங்கியது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் நடத்திய சோதனையின் அடிப்படையில் 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவானது. தமிழ்நாட்டில் அது முதலில் திருச்சிராப்பள்ளிக்கு வந்து, பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஒரு மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட குழு, குறித்த நாள்களில் வட்ட மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்ப்பது அதன் நடைமுறை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று திண்டுக்கல்லுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை தொடங்கியது. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. இவையெல்லாம் மெய்யான முன்னேற்றங்கள். இவற்றைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று.

ஆனால் 'மாவட்டம்' என்ற அலகே சமவெளியை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. ஒரு குழு, ஒரு வாகனம், ஒரு மாதத்தில் இத்தனை மருத்துவமனைகள் என்று கணக்கிடும்போது, தட்டையான நிலத்தின் நாற்பது கிலோமீட்டரும் மேல்மலையின் நாற்பது கிலோமீட்டரும் ஒன்றாகிவிடுகின்றன. குழுவில் ஒரு பணியிடம் காலியானால் முதலில் தவறுவது தொலைவில் உள்ள ஊரின் முகாம்தான். இப்பணியிடங்கள் பலவும் ஒப்பந்த அடிப்படையில் நிரப்பப்படுபவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுகிற இளைஞரைக் குறை சொல்லிப் பயனில்லை. தொலைபேசிச் சேவையும் கொண்டாடத்தக்கதே. ஆயினும் மலைமடிப்புகளில் சமிக்ஞை கிடைக்காத இடங்கள் உண்டு. தவிர, தன்னைக் கொல்லத் துரத்துகிறார்கள் என்று நம்பும் ஒருவர் தாமாகத் தொலைபேசியை எடுத்து உதவி கேட்கப் போவதில்லை. அவருடைய வீட்டு வாசலில் போய் நிற்க ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர் யார் என்பதுதான் நம் விவாதத்தின் மையம். அவர் அந்த மலையைச் சேர்ந்தவராகத்தான் இருக்க முடியும் என்பது நம் கருத்து.

ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் தம் அனுபவம் ஒன்றைப் பொது மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். மறு சந்திப்புக்கு ஏன் அழைத்து வரவில்லை என்று தாயைக் கேட்டபோது கிடைத்த விடை, பேருந்துக்குப் பணமில்லை என்பது. அதன்பிறகு அவர் மருத்துவமனைக்கு வெளியே மரபெஞ்சுகளைப் போட்டு, அந்தந்தப் பகுதியில் சுகாதாரப் பணி செய்துவந்த பாட்டிமார்களுக்குப் பயிற்சியளித்து, மனச்சோர்வுற்றவர்களோடு உட்கார்ந்து பேச வைத்தார். 'நட்பு பெஞ்சு' என்ற அத்திட்டத்தின் பயன் முறையான ஆய்வில் உறுதியாகி 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. நம் நாட்டிலேயே கோவாவில் சங்காத் அமைப்பு, மருத்துவப் பட்டம் பெறாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சியளித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக அமர்த்தியது. அரசு நிலையங்களில் மனச்சோர்வும் பதற்றமும் கொண்டவர்கள் குணமடைந்த விகிதம் உயர்ந்ததை 2010-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

கடலுக்கு அப்பால் இலங்கையில் மனநல மருத்துவர்கள் கொழும்பைச் சுற்றியே இருந்தனர். 2004-இன் ஆழிப்பேரலைக்குப் பின் அந்நாடு 2005-இல் புதிய மனநலக் கொள்கையை வகுத்துக்கொண்டது. பொது மருத்துவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி தந்து மாவட்டங்களில் மனநல மருத்துவ அலுவலர்களாக அமர்த்தும் முறையும் அங்கே வலுப்பெற்றது. தமிழ்நாட்டில் மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் திரையில் மருத்துவர், பக்கத்திலேயே மருந்தகம். மருத்துவர் பேசி முடித்ததும் மாத்திரை கையில் கிடைத்தது. கூடவே அந்தந்த ஊர்ப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி பேருந்தைத் தேடிப் போவதற்கு மாறாக, பேருந்து நோயாளியைத் தேடிப் போனது.

பழனி மலைக்கு இவற்றை அப்படியே பெயர்த்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் இவற்றின் சாரம் ஒன்றுதான். நோயைக் கண்டறிந்து மருந்தை முடிவுசெய்ய மனநல மருத்துவர் வேண்டும். அதைத் தொடர்ந்து கொடுக்க, பக்கவிளைவைக் கவனிக்க, தவறிய மாதத்தைத் தேடிப் போக, குடும்பத்தோடு பேச, மனநல மருத்துவரே வேண்டுமென்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். நீரிழிவு மாத்திரை நடந்து போகும் பாதையில் மனச்சிதைவு மாத்திரை நடக்கக் கூடாதா?

நாம் கேட்பது இவ்வளவுதான். மேல்மலையிலும் கீழ்மலையிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல மருந்துகளும் வலிப்பு மருந்துகளும் குறைவின்றி இருக்க வேண்டும். முதல் முறை மருத்துவர் பார்த்தபின், மாதாந்திர மருந்தை அங்கேயே பெற்றுக்கொள்ள வழி வேண்டும். நீண்ட நாள் செயல்படும் ஊசியை அங்குள்ள செவிலியரே போடலாம். மாவட்டக் குழுவில் மலைக்கென்று தனியாக ஒரு சமூகப் பணியாளராவது நிரந்தரப் பணியில் வேண்டும். பளியர் குடியிருப்புகளுக்குப் போகிறவர் அந்தச் சமூகத்திலிருந்தே தேர்ந்து பயிற்றுவிக்கப்பட்டவராக இருந்தால் நல்லது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஆதிவாசிகளுக்காக அஷ்வினி அமைப்பு நடத்தும் மருத்துவமனை, ஆதிவாசிப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் உருவாக்கிக் காட்டியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்கான சான்றிதழ் வழங்கும் முகாம் ஆண்டுக்கு ஓரிரு முறையாவது மலையிலேயே நடக்க வேண்டும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே உதவித்தொகையைவிட அதிகம் செலவழிக்க நேர்வது கொடுமை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நாம் அறியாமல் இல்லை. முதலாவது: 'அப்படியானால் ஏழைகளுக்கு அரைகுறைப் பயிற்சி பெற்றவர், பணக்காரர்களுக்கு மருத்துவரா?' இது நியாயமான கேள்வி. மேற்பார்வையில்லாத பயிற்சி அப்படித்தான் முடியும். கோவாவிலும் ஜிம்பாப்வேயிலும் பயன் விளைந்ததற்குக் காரணம், பயிற்சி பெற்றவர்களுக்குப் பின்னால் தொடர்ந்து ஒரு வல்லுநர் இருந்ததுதான். மருத்துவரை நீக்கிவிட்டு ஊர்ப்பெண்ணை நிறுத்துவதை நாம் கேட்கவில்லை. மருத்துவரின் கை எட்டாத இடத்துக்கு அவரது கையாக ஒருவர் போக வேண்டும் என்கிறோம்.

இரண்டாவது மறுப்பு, பெண்களின் உழைப்பைப் பற்றியது. இது நமக்கே உறுத்துவது. 'தன்னார்வலர்' என்ற இனிய சொல்லுக்குப் பின்னால் குறைந்த ஊக்கத்தொகையும் கூடிக்கொண்டே போகும் பணியும் ஒளிந்திருக்கின்றன. ஏற்கெனவே சர்க்கரை, இரத்த அழுத்தம், கணக்குப் பதிவு என்று ஓடும் ஒருவர் தோளில் மனநலத்தையும் ஏற்றிவிட்டுச் சேவை மனப்பான்மையைப் புகழ்ந்துகொண்டிருப்பது அறமன்று. பிறர் துயரைக் கேட்பது களைப்பூட்டும் வேலை. அதற்குக் கூலி வேண்டும், ஓய்வு வேண்டும், மலை நடைக்குப் பயணப்படி வேண்டும், அவர் மனம் சோரும்போது பேச ஒருவர் வேண்டும். பணியாளரின் மனநலத்தைக் கவனிக்காத மனநலத் திட்டம் ஓராண்டுக்கு மேல் நிலைக்காது.

மூன்றாவது, கோயிலும் மந்திரிப்பும். மலைமக்கள் முதலில் போவது பூசாரியிடம், ஆகவே மருத்துவம் வந்தாலும் பயனில்லை என்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றிச் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் கருகிய கொடுமையை நம் தலைமுறை மறக்காது. இன்றைய சட்டம் சங்கிலியை முற்றாகத் தடைசெய்கிறது. அதில் சமரசத்துக்கு இடமில்லை. ஆனால் வழிபாட்டிடங்கள் எல்லாம் ஏர்வாடிக் கொட்டகைகள் அல்ல. 2002-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட ஓர் ஆய்வு, தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பற்றியது. மருந்தின்றிச் சில வாரங்கள் தங்கியதிலேயே நோயறிகுறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தம்மை யாரும் விரட்டாத ஓர் இடம், உடனிருக்கும் உறவினர், சிறு சிறு வேலைகள் ஆகியவற்றின் பயன் அது என்று கொள்ள இடமுண்டு. மருந்துக்கு அது மாற்றாகாது. ஆனால் மக்கள் கோயிலுக்குப் போவதற்கு ஒரு காரணம் பக்தி என்றால், இன்னொரு காரணம் கோயில் பக்கத்தில் இருக்கிறது என்பது. பூசாரி மலையில் வசிக்கிறார், நேரம் பார்க்காமல் கதவைத் திறக்கிறார், நோயாளியின் பாட்டனார் பெயர்வரை அறிந்திருக்கிறார். மருத்துவமும் அத்தனை அருகில் வந்து நின்றபின் மக்கள் எதைத் தேர்கிறார்கள் என்று பார்க்கலாம். அதுவரை அவர்களுடைய நம்பிக்கையைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

கடைசி மறுப்பு, எண்ணிக்கை குறைவு என்பது. சில ஆயிரம் குடும்பங்களுக்காக இவ்வளவு ஏற்பாடா என்று நிதித்துறை கேட்கும். 2024 மே 7 முதல், உயர்நீதிமன்ற ஆணைப்படி, கொடைக்கானலுக்கு வரும் ஒவ்வொரு சுற்றுலா வாகனமும் இ-பாஸ் பெற்றே மலையேறுகிறது. எத்தனை வாகனம், எத்தனை பேர் என்று நம்மால் எண்ண முடிகிறது. மலையின் தாங்குதிறனைக் காக்க அது தேவையான ஏற்பாடு. அதே கவனத்தோடு இன்னொரு சிறிய பதிவேட்டையும் பராமரிக்கலாம். இந்த மலையில் மனநோய்க்கு மருந்து தொடங்கியவர்கள் எத்தனை பேர், அவர்களில் பத்தாவது மாதமும் மருந்து பெற்றவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டே எண்கள் போதும். முகாம்கள் எத்தனை நடந்தன, துண்டறிக்கைகள் எத்தனை வழங்கப்பட்டன என்ற புள்ளிவிவரங்களைவிட இந்த இரண்டு எண்களும் உண்மையைப் பேசும். அந்த எண்கள் வெளியிடப்படும் நாளில்தான் திட்டத்தின் வெற்றி தோல்வியைப் பற்றி நாம் விவாதிக்கத் தொடங்க முடியும்.

இலக்கிய வாசகர்களான நமக்கு இதில் என்ன வேலை என்று ஒருவர் கேட்கலாம். மொழியில் இருக்கிறது நம் வேலை. இறைவனையே பித்தன் என்று அழைத்துக் கொண்டாடிய மொழி இது. அதே மொழியில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயர் திரைப்பட நகைச்சுவையில் வசைச்சொல் ஆயிற்று. 1794-இல் தொடங்கிய சென்னை மனநலக் காப்பகத்தின் நீண்ட வரலாறு ஒரு கேலிக்குள் சுருங்கிப்போனது. ஏர்வாடியும் அப்படித்தான் ஆனது. நோயை ஓர் ஊரோடு சேர்த்துக் கட்டி, அந்த ஊரைத் தொலைவில் வைத்துவிட்டால், அது நம் தெருவில் இல்லை என்று எண்ணிக்கொள்ளலாம். நிர்வாகம் செய்வதும் ஒருவகையில் இதுவேதான். சிகிச்சையை ஒரு தொலைவான ஊரில் வைத்துவிட்டு, வராதவர்களைக் குறை சொல்கிறது. இதற்கு எதிராகத் தமிழில் எழுந்த அரிய குரல்களுள் ஒன்று, 2003-இல் மறைந்த கோபிகிருஷ்ணனுடையது. மனநலக் காப்பகத்தில் இருப்பவர்களின் பேச்சுக்கே இடம் கொடுத்து அவர் எழுதிய நூலின் பெயர் 'உள்ளேயிருந்து சில குரல்கள்'. அவர்களைப் பற்றிப் பேசாமல் அவர்களைப் பேசவிட்டார் என்பதால்தான் அது இன்றும் முக்கியமாகிறது. பழனி மலையின் குரல்களை அவ்வாறு கேட்டு எழுதும் ஒருவர் அந்த மலையிலிருந்தே வர வேண்டும் என்பது நம் விருப்பம்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அடுத்த முறை மலையேறும் நண்பர்கள் ஒரு மேல்மலைப் பேருந்தில் கிளாவரைவரை போய்த் திரும்பிப் பாருங்கள். தொலைவு என்றால் என்னவென்று எந்த அறிக்கையையும்விட அது நன்றாகச் சொல்லும். 14416 என்ற எண்ணை நினைவில் வைத்துத் தேவைப்படுவோரிடம் சொல்லுங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கோ ஆட்சியருக்கோ எழுதுகிறவர்கள், மலையின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாதாந்திர மனநல மருந்து என்ற ஒரே கோரிக்கையை எழுதுங்கள். பெரிய மருத்துவமனை வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை ஒரு மருந்துப் பெட்டி மலையேற வேண்டும். அது யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவருடைய வீட்டை அறிந்த ஒருவர், உரிய ஊதியத்தோடு அங்கே இருக்க வேண்டும். கேட்பது இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, அதைக் கொடுக்காமல் இருப்பதற்கான காரணம் எதுவும் நமக்குப் புலப்படவில்லை.